தொட்டித் தூணில் எழுதாத கணக்கு

எந்தக் கிராமத்துக்குப் போனாலும் தண்ணீர்த் தொட்டியின் தூணில் எழுதியிருப்பதை நின்று படிப்பது என் வழக்கம். திட்டத்தின் பெயர், மதிப்பீட்டுத் தொகை, கொள்ளளவு, ஆண்டு. கூட வருபவர்களுக்குச் சலிப்பாக இருக்கும். எனக்கு அது ஒரு ஊரின் வரலாறு மாதிரி. சில ஊர்களில் ஒரே முனையில் மூன்று தொட்டிகள் நிற்கும். காரை பெயர்ந்து கம்பி தெரியும் பழைய 30,000 லிட்டர் தொட்டி ஒன்று. பக்கத்தில் சட்டமன்ற உறுப்பினர் நிதியில் மேடை கட்டி வைத்த கறுப்பு சின்டெக்ஸ். கொஞ்சம் தள்ளி, பெயின்ட் வாசனைகூடப் போகாத புதுத் தொட்டி. "இதுல எதுலேர்ந்து தண்ணி வருது?" என்று ஒருமுறை டீக்கடையில் கேட்டேன். "இப்ப எதுலேர்ந்தும் வரலைங்க. மோட்டார் காயில் போச்சு. கட்டக் குடுத்திருக்காங்க" என்றார் கடைக்காரர்.

மூன்று தொட்டி, மூன்று காலத்து மானியம். காயில் கட்ட மட்டும் பணமில்லை.

"இவ்வளவு கோடி ஒதுக்குறாங்களே, தண்ணி ஏன் வரல?" என்று கேட்டால் நம் ஊரில் தயாராக ஒரு பதில் இருக்கிறது: "எவனோ தின்னுட்டான்." தின்கிறவர்கள் இருக்கிறார்கள், அதை நான் மறைக்கப் போவதில்லை. ஆனால் ஒரு ரூபாய்கூடத் திருட்டுப் போகாத ஊராட்சியிலும் குழாய் வறண்டு போகும். அதற்குக் காரணம் பணம் வரும் விதம். அதைத்தான் இந்தப் பதிவில் எழுத நினைக்கிறேன். நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊருக்குப் பயன்படும் என்று நம்பித்தான் எழுதுகிறேன்.

முதலில் பணம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்த்துவிடுவோம். 73-வது அரசியல் சட்டத் திருத்தம் 1993-ல் நடைமுறைக்கு வந்தபோது, ஊராட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க 29 துறைகளின் பட்டியல் ஒன்றும் சட்டத்தில் சேர்ந்தது. குடிநீரும் சுகாதாரமும் அதில் இருக்கின்றன. பொறுப்பை ஒரே நாளில் கொடுத்துவிடலாம், வருமானத்தைக் கொடுப்பதுதான் கடினம். வீட்டு வரியையும் தண்ணீர்க் கட்டணத்தையும் வைத்து ஒரு சிறிய ஊராட்சி புதிதாக ஒரு போர்வெல்கூடப் போட முடியாது. அதனால் மேலிருந்து மானியம். மத்திய நிதிக்குழு பரிந்துரைக்கும் மானியம் ஒன்று, மாநில நிதிக்குழுவின் பங்கு இன்னொன்று. ஊராட்சி ஆபீஸில் முன்னதை சி.எஃப்.சி. என்பார்கள், பின்னதை எஸ்.எஃப்.சி. என்பார்கள். இவை தவிர ஜல் ஜீவன், தூய்மை பாரதம் போன்ற திட்டப் பணம் வரும். எம்.பி., எம்.எல்.ஏ. நிதி வரும். மக்கள் ஒரு பங்கு போட்டால் அரசு மீதியைப் போடும் 'நமக்கு நாமே' திட்டமும் உண்டு.

15-வது நிதிக்குழு 2021 முதல் 2026 வரையிலான ஐந்து ஆண்டுகளுக்கு நாட்டின் ஊரக உள்ளாட்சிகளுக்கு 2,36,805 கோடி ரூபாய் பரிந்துரைத்தது. கேட்டால் மலைப்பாக இருக்கும். 2011 கணக்கெடுப்பின்படி கிராமங்களில் வாழ்ந்தவர்கள் சுமார் 83 கோடிப் பேர். வகுத்துப் பாருங்கள். ஒரு ஆளுக்கு ஐந்து ஆண்டுக்கும் சேர்த்து ஏறக்குறைய 2,850 ரூபாய், ஆண்டுக்கு 570. அதையும் கிராம ஊராட்சி, ஒன்றியம், மாவட்டம் என்று மூன்று அடுக்கும் பங்கிட வேண்டியிருந்தது.

இதில் 60 சதவீதம் 'கட்டுண்ட' பணம். அதாவது, எதற்குச் செலவு செய்ய வேண்டும் என்று மேலேயே முடிவு செய்து அனுப்பும் பணம். 30 சதவீதம் குடிநீர், மழைநீர் சேகரிப்பு, நீர் மறுசுழற்சிக்கு. 30 சதவீதம் சுகாதாரத்துக்கு. மிச்சம் 40 சதவீதம் ஊர் தன் தேவைக்குச் செலவு செய்யலாம், ஆனால் சம்பளத்துக்கும் நிர்வாகச் செலவுக்கும் தொடக் கூடாது என்றார்கள். அப்படியானால் குடிநீருக்கென்று கிடைத்தது ஆளுக்கு ஆண்டுக்குச் சுமார் 170 ரூபாய். 2,000 பேர் உள்ள ஊருக்கு மூன்று அடுக்கையும் சேர்த்தே மூன்று லட்சத்து நாற்பதாயிரம்.

இப்போது தூணில் எழுதாத கணக்குக்கு வருவோம். ஐந்து எச்.பி. மோட்டார் ஒன்று தினம் பத்து மணி நேரம் ஓடினால் 37 யூனிட்டுக்கு மேல் இழுக்கும். மாதம் 1,100 யூனிட். யூனிட்டுக்கு எட்டு ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஒரே மோட்டாருக்கு ஆண்டுக்கு ஒரு லட்சத்தைத் தாண்டுகிறது. பரந்து கிடக்கும் ஊராட்சியில் ஒரு மோட்டாரோடு நிற்காது. தமிழ்நாட்டில் ஏறத்தாழ 12,500 ஊராட்சிகளுக்குள் 79,000-க்கும் மேற்பட்ட குடியிருப்புகள் இருக்கின்றன. மேட்டுத் தெரு, காலனி, ரெண்டு கிலோமீட்டர் தள்ளி ஒரு பட்டி. ஒவ்வொன்றுக்கும் ஒரு போர், ஒரு மோட்டார், ஒரு மின் இணைப்பு. ஊராட்சிக்கு ஊராட்சி குடியிருப்புகளின் எண்ணிக்கை மாறுவதைக் கணக்கில் எடுத்துத்தான் 2011-ல் 'தாய்' திட்டம் குடியிருப்பை அலகாக வைத்து நிதி ஒதுக்கியது. அந்த யோசனையை நான் இன்றும் மதிக்கிறேன். ஊராட்சிக்கு இவ்வளவு என்று சமமாகப் பிரித்தால், நாலு குடியிருப்பு உள்ள ஊருக்கும் இருபது உள்ள ஊருக்கும் ஒரே தொகை போகும்.

மின்கட்டணத்துக்கும் குடிநீர் வாரியத்துக்குக் கட்ட வேண்டியதற்கும் தமிழ்நாட்டு ஊராட்சிகளில் தனியாக ஒரு வங்கிக் கணக்கு உண்டு, 'இரண்டாம் கணக்கு' என்பார்கள். மாநில நிதிக்குழுப் பணத்தில் ஒரு பகுதி அதில் வந்து விழும், வந்த வேகத்தில் மின்வாரியத்துக்குப் போய்விடும். நல்ல ஏற்பாடுதான், இல்லாவிட்டால் ஃபியூஸைப் பிடுங்கிவிடுவார்கள். ஆனால் அந்தக் கணக்கை ஊரில் யாரும் கேட்பதில்லை. தலைவரின் தேர்தல் நோட்டீஸில் புதுத் தொட்டி வரும், புதுக் குழாய் வரும். 'ஐந்து வருஷமும் கரண்ட் பில் பாக்கியில்லாமல் கட்டினேன்' என்று ஒரு நோட்டீஸையும் நான் பார்த்ததில்லை. அது எவ்வளவு பெரிய சாதனை என்று ஊருக்குத் தெரியவில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

டேங்க் ஆபரேட்டர்களைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை முழுமையாகாது. எங்கள் பக்கத்து ஊராட்சியில் தண்ணீர் திறந்துவிடும் அண்ணன் ஒருவரோடு ஒரு விடியற்காலை சுற்றினேன். சைக்கிள் கேரியரில் டி வடிவத்தில் நீளமான இரும்புச் சாவி, கேட் வால்வு திறப்பதற்கு. நான்கரை மணிக்கு மோட்டாரைப் போட்டுவிட்டு, தொட்டி நிறைய எவ்வளவு நேரமாகும் என்பதை ஓவர்ஃப்ளோ குழாயின் சத்தத்தை வைத்தே சொல்கிறார். முதல் வால்வு கீழத்தெருவுக்கு. மூடி இல்லாத சின்னத் தொட்டிக்குள் கையை விட்டுச் சேற்றை அள்ளி எறிந்துவிட்டு, சாவியை மாட்டித் திருகினார். எத்தனை சுற்று என்று வாய்க்குள் எண்ணிக்கொண்டே திருகினார். "ஏண்ணே எண்ணுறீங்க?" என்றேன். "தம்பி, இங்க அரைச் சுத்து கூடத் தொறந்தா அந்தக் கடைசி காலனியில ஏறாது. அவங்களும் வரி கட்டுறாங்கல்ல?"

பைப் எங்கே தொடங்குகிறதோ அங்கே தண்ணீர் பீறிடும், எங்கே முடிகிறதோ அங்கே சொட்டும். எங்கள் பகுதியில் பைப் முடிகிற இடம் பெரும்பாலும் காலனிதான். எஸ்டிமேட்டில் எல்லாத் தெருவுக்கும் ஒரே அளவு, ஆளுக்கு நாளைக்கு 55 லிட்டர் என்றுதான் எழுதியிருக்கும். அதை மெய்யாக்குவது இந்த மனிதரின் அரைச் சுற்று. வழியில் யாராவது வீட்டுக் குழாயில் நேரடியாக மோட்டாரை மாட்டி உறிஞ்சினால் அதுவும் போச்சு. மாதம் இரண்டு முறை தொட்டிக்குள் இறங்கிக் கழுவுவது, பிளீச்சிங் பவுடர் கலந்து விடுவது, உடைந்த இடத்தில் டியூப் சுற்றிக் கட்டுவது எல்லாம் இவர் வேலை. சம்பளம் சில ஆயிரங்கள், அதுவும் சில மாதங்களில் தள்ளித்தான் வரும். லட்சக்கணக்கில் தொட்டி கட்டக் கொடுக்கும் மானியத்தின் விதிகள் இவருடைய சம்பளத்தைப் பற்றி வாய் திறப்பதில்லை. யானை வாங்கப் பணம் உண்டு, அங்குசம் வாங்கப் பணம் இல்லை என்ற கதைதான்.

கிராமத்தில் வீட்டுக்கு வீடு குழாய் கொடுக்கும் ஜல் ஜீவன் திட்டத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். 2019 ஆகஸ்ட் 15 அன்று அறிவித்தபோது நாட்டில் சுமார் 17 சதவீதக் கிராம வீடுகளில்தான் குழாய் இணைப்பு இருந்தது. மொத்த மதிப்பீடு 3 லட்சத்து 60 ஆயிரம் கோடி ரூபாய். தமிழ்நாட்டைப் போன்ற மாநிலங்களில் மத்திய அரசும் மாநில அரசும் பாதிப் பாதி. தெருக்குழாயில் குடத்தோடு வரிசையில் நின்ற பெண்களுக்கு வாசலிலேயே குழாய் வந்தது சாதாரண விஷயம் இல்லை. அந்த வரிசையில் நின்று வளர்ந்தவன் நான், அதன் அருமை எனக்குத் தெரியும். 2024-க்குள் முடிப்பதாகச் சொன்ன திட்டத்தை 2025 பட்ஜெட்டில் 2028 வரை நீட்டித்தார்கள்.

ஆனால் இணைப்பு வேறு, தண்ணீர் வேறு. ஆளுக்கு 55 லிட்டர் என்றால் 2,000 பேருக்குத் தினம் 1,10,000 லிட்டர். 30,000 லிட்டர் தொட்டி ஒன்றுதான் இருக்கிறது என்றால் அது நாளைக்கு நாலு முறை நிறைய வேண்டும். போர்வெல்லில் அவ்வளவு ஊற்று இருக்கிறதா? கோடையில்? புதுக் குழாய் பதித்த பல ஊர்களில் பழைய போரும் பழைய மோட்டாரும்தான் இன்னும் உழைக்கின்றன. அதே தண்ணீரைக் கூடுதல் வாய்களுக்குப் பிரித்தால் ஒவ்வொரு வாய்க்கும் குறையத்தான் செய்யும். ஃப்ளோரைடு மிகுந்த தர்மபுரி, கிருஷ்ணகிரிக்கு ஜப்பானியக் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் வந்தது. அங்கேயும் காவிரித் தண்ணீர் ஊர்த் தொட்டிவரை வந்து சேர்வது வாரியத்தின் பொறுப்பு. அதற்கப்புறம் தெருவுக்குத் தெரு கொண்டுபோவது அந்தச் சைக்கிள் சாவிக்காரரின் பாடு.

ஜல் ஜீவன் வழிகாட்டுதலில் நல்ல விஷயம் ஒன்று ஒளிந்திருக்கிறது, பல ஊர்களுக்கு அது தெரியாது. ஊருக்குள் நடக்கும் வேலைகளின் செலவில் மக்கள் 10 சதவீதம் பங்களிக்க வேண்டும், பட்டியல் சாதி, பழங்குடி மக்கள் பெரும்பான்மையாக உள்ள ஊர்களிலும் மலைப்பகுதிகளிலும் 5 சதவீதம். பணமாகவோ பொருளாகவோ உழைப்பாகவோ கொடுக்கலாம். திட்டம் முடிந்ததும், ஊருக்குள் ஆன முதலீட்டுச் செலவில் 10 சதவீதத்தை ஊருக்கே சுழல்நிதியாகக் கொடுக்க வேண்டும் என்கிறது அந்த வழிகாட்டுதல். எதற்கு? திடீரென்று மோட்டார் எரிந்தால், குழாய் வெடித்தால் உடனே சரிசெய்ய. டீக்கடைக்காரர் சொன்ன அந்தக் காயிலுக்கான பணம் இதுதான். கிராம குடிநீர் மற்றும் சுகாதாரக் குழுவின் கணக்கில் அது வந்ததா என்று கேளுங்கள். அப்படி ஒரு குழு உங்கள் ஊரில் இருக்கிறதா என்பதிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கலாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நிதிக்குழுவின் குடிநீர்ப் பங்கைப் பழுது பார்க்கவும் பராமரிக்கவும் செலவு செய்யலாம், விதியில் தடையில்லை. ஆனாலும் எஸ்டிமேட் புது வேலைக்குத்தான் போடப்படுகிறது. ஏனென்றால் புதுத் தொட்டிக்கு அளவு எடுக்கலாம், எம்-புக் எனும் அளவுப் புத்தகத்தில் எழுதலாம், போட்டோ எடுத்து ஏற்றலாம், திறப்பு விழா நடத்தலாம். தேய்ந்துபோன வால்வை மாற்றியதைப் போட்டோ எடுத்தால் என்ன தெரியும்? இருபது வருஷத்துக் குழாயில் பத்து இடத்தில் ஒழுகுவதை அடைத்தால் கிடைக்கும் தண்ணீர், புதிதாக ஒரு போர் போட்டால் கிடைப்பதைவிடக் கூடுதலாகக்கூட இருக்கலாம். ஆனால் ஒழுகலைத் தேடிப் போக, நான் பார்த்த எந்தத் திட்டத்திலும் தனித் தலைப்பு இல்லை.

இதைப் பொறியாளர்களே உணர்ந்து மாறிய ஒரு காலம் நம் மாநிலத்தில் இருந்தது. 2004 வாக்கில் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்குள் ஒரு மாற்ற முயற்சி நடந்தது. பொறியாளர்கள் வட்டமாக உட்கார்ந்து, பதவி வேறுபாடு பார்க்காமல் பேசிய அந்தக் கூட்டங்களுக்குக் 'கூடம்' என்று பெயர். அங்கிருந்து கிராமங்களுக்குப் போய், புதுத் திட்டத்துக்கு எஸ்டிமேட் போடுவதற்கு முன்னால், ஏற்கெனவே இருப்பதைச் சீர்செய்தால் போதுமா என்று ஊர்க்காரர்களோடு உட்கார்ந்து பார்த்தார்கள். பல இடங்களில் போதும் என்றே தெரிந்தது. அதிகாரியும் ஊராரும் சரிசமமாக உட்கார்ந்து பேசிய அந்த அனுபவம் ஏன் வாரியத்தின் அன்றாட வழக்கமாக நிலைக்கவில்லை என்பது என்னை இன்னும் உறுத்துகிறது.

மின்கட்டணத்தை நேருக்கு நேர் எதிர்கொண்ட ஊர் ஒன்று உண்டு. மேட்டுப்பாளையம் பக்கத்து ஓடந்துறை. ஆர்.சண்முகம் தலைவராக இருந்த காலத்தில், தண்ணீர் இறைக்கும் கரண்ட் பில்தான் ஊராட்சியை விழுங்குகிறது என்று கண்டுகொண்டார்கள். முதலில் மரக்கழிவை எரித்து வாயு உண்டாக்கி அதில் மோட்டாரை ஓட்டிப் பார்த்தார்கள். பிறகு 2006-ல், ஊராட்சியின் சொந்தப் பணத்தோடு வங்கிக் கடனையும் சேர்த்து, 1 கோடியே 55 லட்சம் ரூபாயில் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை நிறுவினார்கள். மின்சாரம் விற்று ஊராட்சி வருமானம் பார்த்தது. எல்லா ஊராட்சியாலும் காற்றாலை வைக்க முடியாது, அது எனக்கும் தெரியும். நான் வியப்பது காற்றாலையைக் கண்டு அல்ல. அடுத்து எந்த மானியம் வரும் என்று பார்க்காமல், மாதாமாதம் எது போகிறது என்று பார்த்தார்களே, அந்தப் பார்வையைக் கண்டு.

சரி, தண்ணீர் வந்துவிட்டது. அது எங்கே போகும்? திட்டம் போடுபவர்கள் பெரும்பாலும் கடைசியில் கேட்கும் கேள்வி இது. குளித்த, துவைத்த, பாத்திரம் கழுவிய தண்ணீராக வந்ததில் பெரும்பங்கு வெளியே ஓடித்தான் ஆக வேண்டும். தினம் 1,10,000 லிட்டர் கொடுக்கும் ஊரில் மூன்றில் இரண்டு பங்கு வெளியேறினாலும் 70,000 லிட்டருக்கு மேல். அதற்கு வழி இல்லாத தெருவில் குழாய் வந்த மறு மாதமே வாசலில் குட்டை தேங்கும், கொசு வரும், பக்கத்து வீட்டோடு சண்டையும் வரும். தூய்மை பாரதம் இரண்டாம் கட்டத்தில் 5,000 பேர் வரை உள்ள ஊருக்குக் கழிவுநீர் மேலாண்மைக்கு ஆளுக்கு 280 ரூபாய் வரை ஒதுக்கலாம். அதிலும் 30 சதவீதம் நிதிக்குழுப் பணத்திலிருந்து வர வேண்டும். 2,000 பேருக்கு 5 லட்சத்து 60 ஆயிரம். பாதாளச் சாக்கடைக்கு இது யானைப் பசிக்குச் சோளப்பொரி. ஆனால் வீட்டுக்கு வீடு உறிஞ்சுகுழி, இடமில்லாத தெருவுக்குப் பொது உறிஞ்சுகுழி என்று திட்டமிட்டால் பெரிய வேலை நடக்கும். பாறையும் களிமண்ணும் உள்ள ஊரில் உறிஞ்சாது, அங்கே வடிகால்தான். மண்ணைப் பார்க்காமல் மாவட்டம் முழுக்க ஒரே வரைபடத்தை அனுப்பினால், கட்டி முடித்த குழி முதல் மழையிலேயே நிரம்பி நிற்கும்.

கழிப்பறைக்கு வந்த 12,000 ரூபாய் மானியத்திலும் இதே கதைதான். இரட்டைக் குழி வெட்டி, ஒன்று நிறைந்ததும் அதை மூடிவிட்டு மற்றதற்குத் திருப்பினால், மூடிய குழியில் இருப்பது ஓரிரு ஆண்டில் எருவாகிவிடும். லாரி வேண்டாம், மனிதர் இறங்க வேண்டாம். நம்மில் பலர் அதை நம்பாமல் கடன் வாங்கிப் பெரிய ஒற்றைத் தொட்டியாகக் கட்டிக்கொண்டோம். இப்போது அவை நிறையத் தொடங்கிவிட்டன. கழிவுநீர் லாரி வருகிறது, உறிஞ்சுகிறது, ஊர் எல்லை தாண்டி ஓடையிலோ ஏரிக்கரையிலோ திறந்துவிட்டுப் போகிறது. அந்த ஏரிக்குக் கீழேதான் ஊராட்சியின் குடிநீர்க் கிணறு இருக்கிறது என்றால்?

இதற்கும் நம் மாநிலத்திலேயே ஒரு வழி காட்டியிருக்கிறார்கள். மதுராந்தகம் பக்கத்தில் உள்ள கருங்குழி பேரூராட்சியில் 2017-ல் கசடுக் கழிவு சுத்திகரிப்பு நிலையம் தொடங்கியது. நாளைக்குச் சுமார் 23,000 லிட்டர் கொள்ளளவு. லாரி வந்து கொட்டுகிறது, கசடு உலர் படுகைகளில் காய்கிறது, வடிந்த நீர் தனியாகச் சுத்தமாகிறது. பாதாளச் சாக்கடைக்கு ஆகும் செலவில் மிகச் சிறு பங்கு. ஒரு சின்னப் பேரூராட்சிக்கும் பக்கத்து ஊர்களுக்கும் சேர்த்து ஒன்று போதும். ஆனால் லாரிக்காரர் அங்கே வரை ஓட்டிப் போவதற்கு டீசல் செலவாகும், அதை யார் கொடுப்பது என்று முடிவு செய்யாவிட்டால் ஓடைதான் அவருக்குப் பக்கம்.

பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் செப்டிக் தொட்டிக்குள் மனிதரை இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது. சாக்கடையில் இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது, 2023-ல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. இன்றும் சாகிறார்கள். ஊராட்சியின் ஆண்டுத் திட்டத்தில் கசடு எங்கே போகும் என்று ஒரு வரி எழுதாமல் கழிப்பறை எண்ணிக்கையை மட்டும் எழுதும்போது, அந்த வேலையை யாராவது ஒரு மனிதரின் தலையில்தான் கட்டுகிறோம்.

மக்கள் பணம் கொடுக்க மாட்டார்கள் என்று அதிகாரிகள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஆலந்தூரைப் பார்க்கச் சொல்வேன். இன்று அது சென்னை மாநகராட்சிக்குள். 1990-களின் கடைசியில் தனி நகராட்சி. பாதாளச் சாக்கடை வேண்டும், கையில் பணமில்லை. நகர்மன்றத் தலைவர் ஆர்.எஸ்.பாரதி காலத்தில் தெருத் தெருவாகக் கூட்டம் போட்டு, குடியிருப்போர் சங்கங்களைக் கூட்டிப் பேசி, வீட்டுக்கு 5,000 ரூபாய் டெபாசிட் வசூலித்தார்கள். குழாய் பதிப்பதற்கு முன்னால்! அதோடு கடனும் மானியமும் சேர்ந்தன. என்ன வரப்போகிறது, எப்போது வரும், மாதம் எவ்வளவு ஆகும் என்று முகத்துக்கு நேரே சொன்னதால் மக்கள் கொடுத்தார்கள். கிராமத்துக்கும் இது பொருந்தும் என்றுதான் நினைக்கிறேன். மாதம் 50 ரூபாய் தண்ணீர்க் கட்டணம் கொடுக்கத் தயங்கும் அதே வீடு, தண்ணீர் வராத நாளில் ஒரு குடத்துக்குப் பத்து ரூபாய் கொடுத்து வேன்காரரிடம் வாங்குகிறது.

தேர்தலுக்கும் இந்தப் பணத்துக்கும் உள்ள உறவைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தேர்ந்தெடுத்த மன்றம் இல்லாத உள்ளாட்சிக்கு நிதிக்குழு மானியம் நின்றுபோகும். தமிழ்நாட்டில் 2016-ல் பதவிக்காலம் முடிந்து 2019 டிசம்பர் வரை ஊரகத் தேர்தல் நடக்காதபோது அப்படித்தான் மத்திய நிதி நிறுத்திவைக்கப்பட்டது. 2025 ஜனவரியில் 28 மாவட்டங்களின் ஊராட்சிகளுக்குப் பதவிக்காலம் முடிந்து மறுபடியும் தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். வார்டு மெம்பர் இல்லாத தெருவில் குழாய் உடைந்தால் யாரிடம் போய்ச் சொல்வது? உள்ளாட்சித் தேர்தல் தள்ளிப்போவதைக் கட்சிகளின் விஷயமாக மட்டும் நினைத்துவிடாதீர்கள். உங்கள் வால்வு ஒழுகுவதோடு அதற்கு நேரடித் தொடர்பு உண்டு.

இனி கையில் எடுத்துச் செய்யக்கூடியது. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள், அன்றைக்குத் தண்ணீர்க் கணக்கைக் கேட்டால் யாரும் தலைப்புக்குப் பொருந்தாது என்று சொல்ல முடியாது. இரண்டாம் கணக்கின் கடந்த ஆண்டு வரவு செலவைப் படிக்கச் சொல்லுங்கள். எத்தனை மோட்டார், ஒவ்வொன்றின் கரண்ட் பில் எவ்வளவு, எது எத்தனை முறை பழுதானது என்று கேளுங்கள். ஒரு மோட்டார் மட்டும் அடிக்கடி எரிகிறது என்றால், வோல்டேஜோ போரின் ஆழமோ காரணமாக இருக்கலாம். காயில் கட்டிக் கட்டி ஓட்டுவதைவிட அதைச் சரிசெய்வது மலிவு. ஆபரேட்டருக்குச் சம்பள பாக்கி உண்டா என்று அவர் முன்னாலேயே கேளுங்கள், அவராகச் சொல்ல மாட்டார். தண்ணீரைச் சோதிக்கும் கிட் ஊரில் இருக்கிறதா, அதைப் பயன்படுத்தப் பயிற்சி பெற்ற பெண்கள் யார் என்றும் கேளுங்கள். ஜல் ஜீவனில் ஊருக்கு ஐந்து பேருக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும்.

கூட்டத்தில் எதிர்ப்பு வரும். "புதுத் தொட்டி வேணாம்னு சொல்றியா?" என்று ஒருவர் எழுந்து கேட்பார். எங்கள் ஊரில் என்னிடமே கேட்டார்கள். வேண்டாம் என்று சொல்லவில்லை, இருக்கிற ரெண்டு தொட்டிக்கும் ஒரு மோட்டாரைக் கூடுதலாக வாங்கி வையுங்கள் என்றுதான் சொன்னேன். எரிந்தது கடைக்குப் போகும்போது மாற்று மோட்டாரை இறக்கினால் அன்று சாயங்காலமே தண்ணீர் வரும். தீர்மானப் புத்தகத்தில் அதை ஏற்றுவதற்கே நிறையப் பேச வேண்டியிருந்தது. பெண்கள் பக்கமிருந்து ஒரு பாட்டி எழுந்து, "மோட்டாரு வாங்கி வைக்கச் சொல்றதுல என்ன தப்பு, எழுதுங்கப்பா" என்ற பிறகுதான் எழுதினார்கள்.

அடுத்த ஆண்டுக்கான ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தை எழுதும் வேலை அக்டோபர் 2-ல் தொடங்கும். எந்தெந்த வேலைக்கு எவ்வளவு என்று அதில் ஏறிவிட்டால், பிறகு நிதிக்குழுப் பணத்தை அதிலிருந்து மாற்றுவது கடினம். ஏறியது என்ன என்பதை 'இ-கிராம் ஸ்வராஜ்' இணையதளத்தில் மாநிலம், மாவட்டம், ஒன்றியம், ஊராட்சி என்று தேர்ந்தெடுத்தால் செல்போனிலேயே பார்க்கலாம். எந்தத் தேதியில் என்ன செலவு என்ற விவரமும் அங்கே இருக்கும். அக்டோபருக்கு முன்னாலேயே உங்கள் தெருவின் வால்வுகளை ஒருமுறை ஆபரேட்டரோடு நடந்து பார்த்து, மாற்ற வேண்டியவற்றைத் தாளில் எழுதி, பத்துப் பேர் கையெழுத்துப் போட்டு ஊராட்சிச் செயலரிடம் கொடுத்து ஒப்புகை வாங்கிவிடுங்கள். மனுவில் 'பராமரிப்பு' என்று பொதுவாக எழுதாதீர்கள். எந்தத் தெரு, எந்த முனை, எத்தனை அங்குல வால்வு, மூடி உண்டா இல்லையா என்று எழுதுங்கள். ஓவர்சியர் எஸ்டிமேட் போட அது போதும்.